உப்புக்காற்றில் ஒரு டிஜிட்டல் வெர்னியர்: எலும்பு அளப்பவரின் மதிப்புரை

இணைய அங்காடி ஒன்றில் 1,450 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய 150 மி.மீ. டிஜிட்டல் வெர்னியருக்கு அந்த விற்பனைப் பக்கத்திலேயே நூற்றுக்கணக்கான மதிப்புரைகள் உள்ளன. அவற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் பேரிங், போல்ட், பைப் ஆகியவற்றை அளப்பவர்கள்; ஓரிருவர் நகை செய்பவர்கள். நான் அளப்பது ஆட்டின் கணுக்கால் எலும்பையும் பாறை மீனின் முதுகெலும்பையும். வைகை கடலில் கலக்கும் ஆற்றங்கரை என்னும் ஊருக்கு அருகே, கடல் இரைச்சல் கேட்கும் தொலைவில் உள்ள வாடகை வீட்டில், இரண்டரை ஆண்டுகளாக இக்கருவியை ஏறத்தாழ நாள்தோறும் கையாண்டு வருகிறேன். எலும்பு அளக்கும் வேலைக்கு, அதுவும் ராமநாதபுரம் கடற்கரையில் இருந்துகொண்டு, இதை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். தயாரிப்பாளரின் பெயரைக் குறிப்பிடவில்லை. பார்வைக்கு ஒரே அச்சில் வார்த்தது போன்ற கருவி ஐந்தாறு பெயர்களில் விற்கப்படுவதால், பெயரைச் சொல்வதில் பயனும் இல்லை.

அகழாய்வுக் குழிகளில் கிடைக்கும் விலங்கு எலும்புகளை இனங்கண்டு, எண்ணி, அளந்து, அக்கால மக்கள் எதை வளர்த்தார்கள், எதை வேட்டையாடினார்கள், கடலிலிருந்து எதைப் பிடித்து உண்டார்கள் என்று சொல்வது விலங்குத் தொல்லியல். இத்தொழிலுக்கு நேராக ஏறிச்செல்லும் படிக்கட்டு எதுவும் நம் பக்கத்தில் இல்லை. விலங்கியல் படித்தவர், கால்நடை மருத்துவம் படித்தவர், தொல்லியல் படித்துவிட்டு எலும்பின் பக்கம் திரும்பியவர் என மூன்று வாசல்களில் ஆட்கள் வருகிறார்கள். நான் முதல் வாசல் வழியே வந்தவன். இத்துறைக்கென்று விளம்பரமாகும் பணியிடங்கள் மிகச் சில என்பதால், ஒரு பருவத்துக்கு இவ்வளவு, ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசிக்கொண்டுதான் பல ஆண்டுகள் ஓடும். கீழடியில் கிடைத்த எலும்புகளில் 70 மாதிரிகள் புணேயிலுள்ள டெக்கான் கல்லூரிக்கு அனுப்பப்பட்டு, மாடு, எருமை, ஆடு ஆகியவற்றோடு நீலான், வெளிமான், காட்டுப்பன்றி, மயில் ஆகியவையும் அங்கே இனங்காணப்பட்டன. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையில் இதைக் காணலாம். வைகைக்கரை எலும்பு புணேவரை பயணம் போய்வந்த அந்தக் கதை, இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எவ்வளவு குறைவு என்பதற்கு ஒரு சான்று. ஆட்கள் குறைவு என்றால் சம்பளம் கூடும் என்று பொருளாதாரம் படித்த என் மைத்துனர் சொல்வார். அது எலும்புக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை. எனவே, தொடக்கத்தில் கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்ற கருவி எது என்ற கேள்வி, இத்துறைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் எழும் முதல் கேள்விகளில் ஒன்று.

கருவி வந்த பெட்டி நன்றாக இருந்தது. துருப்பிடிக்காத எஃகு உடல், பெரிய எண்கள் கொண்ட திரை, சுழியாக்கும் பொத்தான், மி.மீ. அங்குலம் மாற்றும் பொத்தான், வெளியளவுக்குப் பெரிய தாடை, உள்ளளவுக்குச் சிறிய தாடை, பின்முனையில் ஆழம் அளக்கும் கம்பி. ஆழக் கம்பியை நான் இரண்டரை ஆண்டில் நான்கு முறை பயன்படுத்தியிருப்பேன். சிறிய தாடைக்கும் எங்கள் வேலையில் அதிகம் தேவையில்லை. பெரிய தாடைகள்தாம் எல்லாமே. விலங்கின் தாடையைக் கருவியின் தாடைக்கு இடையே வைத்து அளக்கும்போது மட்டும் நோட்டில் எந்தத் தாடை என்று தெளிவாக எழுத வேண்டியிருக்கும்.

முதலில் அதன் நல்ல குணத்தைச் சொல்லிவிடுகிறேன். உலர்ந்த மாதங்களில் இக்கருவி வியக்கத்தக்க அளவுக்கு உண்மை பேசுகிறது. கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, நீளம் துல்லியமாகத் தெரிந்த 50 மி.மீ. எஃகுக் கேஜ் கட்டை ஒன்றை மதுரையில் தனியாக வாங்கி வைத்திருக்கிறேன்; மாசி, பங்குனியில் அதை எத்தனை முறை அளந்தாலும் 49.99, 50.00, 50.01 என்ற மூன்று எண்களுக்குள்தான் திரை நிற்கும். திரை 0.01 மி.மீ.வரை காட்டினாலும் எலும்புக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. ஈராயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த எலும்பின் விளிம்பு அதற்குள் தேய்ந்திருக்கும். அதே எலும்பை நானே காலையிலும் மாலையிலும் அளந்தால் பத்தில் ஒன்று மாறும். பத்தில் ஒரு மில்லிமீட்டரை நம்பலாம் என்றால் எங்களுக்குப் போதும்.

எந்த எலும்பை எங்கே பிடித்து அளப்பது என்பதில் விருப்பம்போல் நடந்துகொள்ள இடமில்லை. 1976இல் ஜெர்மானிய விலங்குத் தொல்லியலாளர் ஆங்கெலா ஃபான் டென் ட்ரீஷ் வகுத்துத் தந்த அளவைமுறையை உலகெங்கும் பின்பற்றுகிறோம்; ஒவ்வோர் எலும்புக்கும் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிவரை என்று படம் போட்டுக் காட்டிய முறை அது. துருக்கியில் அளந்த ஆட்டையும் தொண்டியில் அளந்த ஆட்டையும் ஒரே அட்டவணையில் வைத்துப் பேச முடிவது அதனால்தான். கணுக்காலில் இருக்கும் அஸ்ட்ராகலஸ் எலும்பை எடுத்துக்கொள்வோம். நீள்சதுரக் கட்டை போன்ற சிறு எலும்பு. கெட்டியானது, எளிதில் உடையாது, நாய் கடித்தாலும் பெரும்பாலும் முழுதாகவே தப்பிவிடும். அதன் வெளிப்புற நீளத்தை அளக்க, இடக்கை விரல்களால் எலும்பைத் தாடைகளுக்கு இடையே மெல்ல உருட்டிக்கொண்டே வலக்கைப் பெருவிரலால் நகர்வுச் சக்கரத்தைத் தள்ள வேண்டும். எண் ஏறி ஏறி, ஓரிடத்தில் நின்று, பின் இறங்கத் தொடங்கும். அந்த நின்ற இடம்தான் அளவு. இக்கருவியின் சக்கரம் இதற்கு மிகவும் இணக்கமானது. சொரசொரப்பாக, பெருவிரல் வியர்த்தாலும் வழுக்காமல் இருக்கிறது. இதைவிட ஐந்து மடங்கு விலையுள்ள கருவி ஒன்றை ஒரு பயிலரங்கில் கையாண்டிருக்கிறேன். சக்கரத்தைப் பொறுத்தவரை இதுவே மேல் என்பேன்.

அகழாய்வு எலும்பை இனங்காண வேண்டுமானால், இன்றைய விலங்குகளின் எலும்புகள் ஒப்பீட்டுக்குக் கையில் இருக்க வேண்டும். அந்தச் சேகரிப்பைத் தானே உருவாக்கிக்கொள்வது இத்தொழிலின் பெரும்பகுதி. ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல் ஆகிய செம்மறிகளின் கால்களையும், கொடி ஆடு, கன்னி ஆடு ஆகியவற்றின் கால்களையும் நான் சேர்த்தது கறிக்கடைகளில்தான். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடைக்காரரிடம் “பாய், கணுக்காலை வெட்டாம முழுசா குடுங்க” என்று முதன்முதலில் கேட்டபோது, “சூப்புக்கு வெட்டாம என்ன தம்பி பண்ணுவீக?” என்று வியந்தார். இப்போது கேட்காமலே எடுத்து வைக்கிறார். ஆட்டின் வயது, ஆணா பெண்ணா, எந்தச் சந்தையில் வாங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறார். மீனுக்கு ஏலக்கடை அக்கா ஒருவர் உதவுகிறார். பாறை, விளமீன், கெளுத்தி, திருக்கை, முரல் என்று வகைக்கு ஒன்றிரண்டாக நான் வாங்குவதைப் பார்த்து, “மீனுக்கு வாங்குறீகளா, முள்ளுக்கு வாங்குறீகளா?” என்று கேட்டார். முரலின் முள் பச்சை நிறம் என்பதை நான் பாடத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் பிறந்ததிலிருந்தே அறிவார். கடற்பசு, கடலாமை எலும்புகள் கரையொதுங்கினால் கைவைக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினங்கள் அவை. அனுமதி பெற்று அருங்காட்சியகங்களுக்குச் சென்றுதான் அளக்க வேண்டும். அப்படிச் செல்லும் நாட்களில் சட்டைப் பையில் அடங்கும் இக்கருவியின் எடைக் குறைவு பெரிய வசதி.

மீன் முள்ளில் இக்கருவியின் முதல் குறை தெரியவரும். முதுகெலும்புக் கண்ணியின் விட்டத்தை அளந்தால் மீனின் பருமனை ஏறத்தாழக் கணக்கிடலாம். 3 மி.மீ. விட்டமுள்ள கண்ணியை எஃகுத் தாடைகளுக்கு இடையே வைத்தால் கண்ணி கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிடுகிறது. இடுக்கியால் பிடித்துக்கொண்டு, ஏறத்தாழ ஊகத்தில் மூட வேண்டியுள்ளது. தாடை முனைகள் வேண்டாத அளவுக்குக் கூர்மையாகவும் உள்ளன. உலோகம் அளப்பவருக்கு அது சிறப்பு. எங்களுக்கு அது ஆபத்து. நீரில் ஊறி மென்மையான எலும்பின்மேல் அந்த முனை ஒருமுறை வழுக்கினால் மெல்லிய கீறல் விழும். பழங்காலத்தில் கத்தி பட்ட வெட்டுத்தழும்பைக் கொண்டுதான் தோலுரித்த விதம், துண்டு போட்ட விதம் எல்லாவற்றையும் சொல்கிறோம் என்பதால், அளக்கும்போது நாமே ஒரு தழும்பைப் போட்டு வைப்பது அடுத்து ஆராய்பவருக்குச் செய்யும் துரோகம். புதுக்கீறல் வெளிறித் தெரியும். ஆனாலும் எல்லாரும் லென்சு வைத்துப் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது. நான் மிக நுண்ணிய எமரித் தாளால் முனைகளை மழுக்கிக்கொண்டேன். அப்படிச் செய்தால் உத்தரவாதம் போய்விடும் என்று கையேட்டில் எழுதியுள்ளது.

துருப்பிடிக்காமலிருக்கக் கருவியின்மேல் எண்ணெய் தடவி அனுப்பியிருந்தார்கள். அதைத் துடைக்காமல் எலும்பைத் தொடாதீர்கள். எண்ணெயிலுள்ள கரிமம் எலும்பில் ஊறினால், பிறகு கரிமத்தைக் கொண்டு எலும்பின் வயதை அறியும் காலக்கணிப்புக்கு அனுப்பும்போது தேவையில்லாத சந்தேகங்கள் எழும். நான் ஸ்பிரிட் போட்டு மூன்று முறை துடைத்தேன். எண்ணெய் போன பிறகு உப்புக்காற்று தன் வேலையைத் தொடங்கியது; எட்டாவது மாதத்தில் சக்கரத்தின் அச்சிலும், தாடையின் அடிப்புறத்திலும் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. துருப்பிடிக்காத எஃகு என்று பெட்டியில் அச்சிட்டவர்கள் பாக் நீரிணைக் கரையில் ஒரு வாரம் தங்கியிருந்தால் அந்தச் சொல்லை இன்னும் சற்றுத் தயங்கி அச்சிட்டிருப்பார்கள்.

அளவெல்லை 150 மி.மீ. என்பது ஆட்டுக்கும் மீனுக்கும் போதுமானது, மாட்டுக்குப் போதாது. மாட்டின் முன்காலிலுள்ள நீண்ட தாள் எலும்பு 18, 20 செ.மீ. இருப்பது வழக்கம். ஆற்றங்கரைக்கு அருகிலுள்ள அழகன்குளமானாலும், வைகையில் மேலே போனால் வரும் கீழடியானாலும், பழைய ஊர் எதையும் ஆராயப் புகுபவர் மாட்டெலும்பைத் தவிர்த்துவிட்டு ஒன்றும் செய்ய முடியாது. எனவே 200 மி.மீ. மாதிரியை வாங்குவதே சரி. நான் விலையைப் பார்த்துத் தவறு செய்தேன். அதற்கு மேற்பட்ட நீண்ட எலும்புகளுக்கு அளவுப் பலகை ஒன்றைத் தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். வேப்பம் பலகை, ஒரு நிலைத்த முட்டு, ஒரு நகரும் முட்டு, நடுவில் எஃகு ஸ்கேல் என்று அதற்கு எனக்கு 900 ரூபாய் ஆயிற்று.

இப்போது இந்த மதிப்புரையை எழுதவே காரணமான நிகழ்ச்சிக்கு வருகிறேன். முதல் ஆண்டு ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி, ஒன்பது நாள் விட்டுவிட்டுப் பெய்தது. அந்த ஒன்பது நாளும் மின்விளக்கின் கீழ் அமர்ந்து, ஒப்பந்தக் கெடு நெருங்கியதால், ஓர் அகழாய்வின் எலும்புகளில் 212ஐ அளந்து முடித்தேன். பத்தாம் நாள் காலையில் ஏதோ நினைவு வந்து கேஜ் கட்டையை வைத்துப் பார்த்தபோது திரையில் 50.43 என்று வந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், 50.17. தாடையை மூடிச் சுழியாக்கித் திறந்தேன், 50.38. இவ்வகைக் கருவிகளில் சட்டத்தின் நீளத்துக்கு ஒட்டியிருக்கும் பட்டைக்கும், அதன்மேல் நகரும் தலைக்கும் இடையிலான மின்தேக்கத் திறனின் மாற்றத்தைக் கணக்கிட்டுத்தான் எண் காட்டப்படுகிறது. இடையே ஈரம் புகுந்தால், அதுவும் உப்பு கலந்த ஈரம் புகுந்தால், கணக்கு தடுமாறும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. திரை மின்னவில்லை, எண் துள்ளவில்லை, கருவி மிகுந்த தன்னம்பிக்கையோடு தவறான எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது.

0.43 மி.மீ. பெரிய பிழையா என்று கேட்கலாம். ஜெர்மானிய ஆய்வாளர் டைஷெர்ட் 1975இல் தந்த கணக்கின்படி, செம்மறியின் அஸ்ட்ராகலஸ் நீளத்தை 22.68ஆல் பெருக்கினால் அதன் தோள் உயரம் கிடைக்கும். 28.30 மி.மீ. எலும்புக்கு உயரம் ஏறத்தாழ 64 செ.மீ.; அதையே 28.73 என்று படித்தால் 65 செ.மீ. ஒரு செ.மீ. கூடிவிட்டது. ஓர் ஆட்டில் அது ஒன்றுமில்லை. ஒரே காலத்தின் ஆடுகள் எல்லாம் ஒரு செ.மீ. கூடினால், நல்ல தீவனம், புது இனம், ஆண் ஆடுகளைக் காயடித்து வளர்த்த வழக்கம் என்று விளக்கங்கள் வரிசையாக வந்து நிற்கும். எல்லாம் ஐப்பசி மழையின் கொடை. ஐரோப்பாவில் வகுத்த அந்தப் பெருக்கெண் நம் ராமநாதபுரம் வெள்ளைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று பார்ப்பதற்காகவே நான் பாயிடம் கால் வாங்கிக்கொண்டிருந்தேன் என்பது வேறு வேடிக்கை.

பிழை எல்லா நாளும் ஒரே அளவாக இருந்திருந்தால் கழித்துவிடலாம். அப்படி இல்லாததால் 212ஐயும் திரும்ப அளப்பதைத் தவிர வழியில்லை. 175 எலும்புகள் கையில் இருந்தன, அளந்தேன். மற்ற 37 பற்களும் எலும்புகளும் விலங்கு எதைத் தின்றது என்பது போன்றவற்றை வேதியியல் வழியே அறியும் ஐசோடோப்பு ஆய்வுக்காக அனுப்பப்பட்டு அதற்குள் வெட்டப்பட்டுவிட்டன. வெட்டுவதற்கு முன் அளந்து வைப்பதுதான் எங்கள் வேலையின் விதி. விதிப்படி அளந்துதான் வைத்திருந்தேன். அறிக்கையின் அட்டவணையில் அந்த 37 வரிகளிலும் அளவுக் கட்டத்தில் கோடு மட்டுமே உள்ளது. கெடு தள்ளிப்போனதில் தொகையில் ஒரு பங்கும் குறைந்தது. இதில் கருவியின் குற்றம் பாதி. நாள்தோறும் கட்டையை வைத்துச் சரிபார்க்காத என் குற்றம் மறுபாதி.

விற்பனையாளருக்கு எழுதினேன். பதினொரு நாள் கழித்து, ஈரப்பதத்தால் ஏற்படும் பழுதுக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. நியாயமாகச் சொன்னால், நீர்புகா வகை என்று அவர்கள் எங்கும் கூறவில்லை. ஐபி67 தரக் குறியீடுள்ள கருவிகள் தனியே கிடைக்கின்றன. அவற்றின் விலை பல மடங்கு. ஆனால் பக்கவாட்டில் தரவு எடுக்கும் வாய் இருப்பதாகப் படத்தில் காட்டியதை மட்டும் என்னால் மன்னிக்க இயலவில்லை. மூடியைத் திறந்தால் உள்ளே நான்கு செம்புப் பட்டைகள் தெரிகின்றன. அவற்றில் பொருந்தும் கம்பியை அவர்களும் விற்பதில்லை, வேறு யாரும் விற்பதாகத் தெரியவில்லை. எண்ணைக் கண்ணால் படித்துக் கையால் எக்செல்லில் ஏற்றும்போது 28.43ஐ 24.83 என்று அடிக்கும் வகைப் பிழைகள் என் அட்டவணைகளில் வந்திருக்கின்றன. அந்த வாய் வேலை செய்திருந்தால் அவை வந்திரா.

அந்த மழைக்குப் பிறகும் இதைத் தூக்கி எறியவில்லை. சிலிகா ஜெல் பைகள் போட்ட காற்றுப்புகாத எவர்சில்வர் டப்பாவில் வைத்திருக்கிறேன். வேலை தொடங்கும்போதும், நடுவிலும், முடிக்கும்போதும் கேஜ் கட்டையை அளந்து நோட்டில் தேதியோடு எழுதுகிறேன். வாரம் ஒருமுறை உலர்ந்த தூரிகையால் சட்டத்திலுள்ள மணலைத் தட்டுகிறேன். இவ்வளவு செய்தால் தை முதல் புரட்டாசிவரை நன்றாக உழைக்கிறது. மழை மாதங்களுக்கு, மதுரையில் பழைய கருவி விற்கும் கடையில் 600 ரூபாய்க்கு வாங்கிய, பேட்டரி இல்லாத 200 மி.மீ. எஃகு வெர்னியர் உள்ளது. அதன் மீச்சிற்றளவு 0.02 மி.மீ. பள்ளியில் படித்தது போலக் கோடு கோட்டோடு ஒன்றுவதைப் பார்த்துப் படிக்க வேண்டும். நாளுக்கு 60 எலும்புக்கு மேல் கண் ஒத்துழைக்காது. ஆனால் மழைக்கு அது அஞ்சுவதில்லை. ஊறிய எலும்புக்கும் மீன் முள்ளுக்கும் 250 ரூபாய் பிளாஸ்டிக் வெர்னியர் போதும். பத்தில் ஒன்றுவரைதான் காட்டும் என்றாலும் கீறாது, உடைந்தாலும் மனம் நோகாது.

கற்றுக்கொள்ளும் மாணவருக்கு, கறிக்கடைக் கால்களை ஆயிரக்கணக்கில் அளந்து கை பழக்குவதற்கு, இந்தக் கருவியை, 200 மி.மீ. அளவில், தயங்காமல் பரிந்துரைப்பேன். முதல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, திரும்ப அளக்க முடியாத எலும்பு மேசைக்கு வந்தால், கேஜ் கட்டை இல்லாமல் இதைத் தொட வேண்டாம். கட்டைக்கும் சேர்த்தே விலை போட்டுப் பாருங்கள். பேட்டரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடத்தில் திரை அணைந்துவிட்டாலும் உள்ளே மின்சாரம் செலவாகிக்கொண்டேதான் இருக்கிறது. எல்ஆர்44 செல் போட்டால் மூன்று மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. அதே அளவிலுள்ள எஸ்ஆர்44 சில்வர் ஆக்சைடு செல் சற்று விலை கூடுதல் என்றாலும், முடியும்வரை மின்னழுத்தம் தளராமல் நிற்பதால் அதையே போடுங்கள். வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். பெட்டியோடு ஓர் உதிரி செல்லும் வருகிறது. என்னுடையதில் அது வரும்போதே செத்திருந்தது.